காரில் தொடங்காதீர்கள்: ஹொசே முஹிக்காவின் வாழ்க்கைக் குறிப்பை எழுதும் முறை

பள்ளி நூலகராக இருந்து ஓய்வு பெற்றபின் ஒன்பது வருடமாக ஒரு சிறுவர் மாத இதழுக்கு வாழ்க்கைக் குறிப்புகள் எழுதி வருகிறேன். மாதம் ஒரு ஆள், நான்கு பக்கம். விஞ்ஞானியோ பாடகரோ மலையேறுபவரோ, யாராக இருந்தாலும் ஒரு வாரத்தில் முடித்துவிடுவேன். தென் அமெரிக்க நாடான உருகுவேயின் முன்னாள் அதிபர் ஹொசே முஹிக்காவுக்கு மட்டும் இரண்டு மாதம் பிடித்தது. அதுவும் முதலில் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்த பிறகு.

அந்த முதல் பிரதி, "உலகிலேயே ஏழை ஜனாதிபதி யார் தெரியுமா? பழைய வோக்ஸ்வாகன் பீட்டில் காரில்தான் அவர் போவார், வருவார்" என்று தொடங்கியது. பத்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தியிடம் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு, "சரி பாட்டி, அவர் என்ன வேலை செஞ்சார்?" என்றாள். திரும்பிப் பார்த்தால் நான்கு பக்கத்திலும் கார் இருக்கிறது, மூன்று கால் நாய் இருக்கிறது, சம்பளத்தைத் தானமாகக் கொடுத்தது இருக்கிறது. ஐந்து வருடம் ஒரு நாட்டை ஆண்டவர் அந்த ஐந்து வருடத்தில் என்ன செய்தார் என்பது மட்டும் இல்லை.

இரண்டாவது முறை எப்படி எழுதினேன் என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். பள்ளிக் கட்டுரைக்கோ, வாசகர் வட்டப் பேச்சுக்கோ, இதழுக்கோ அயல்நாட்டுத் தலைவர் ஒருவரைப் பற்றி எழுத வேண்டியிருப்பவர்களுக்கு இது உதவும். உதாரணம் முழுக்க முஹிக்காதான். ஒரு ஆளை ஒழுங்காகச் செய்து பார்த்துவிட்டால் அடுத்த ஆளுக்கு வழி தெரிந்துவிடும்.

பெயரும் பதவியும்

முதல் பிரதியில் "முஜிகா" என்று எழுதியிருந்தேன். இந்த இதழுக்கு முன்பு ஒரு துணுக்கிலும் அப்படித்தான் எழுதி அச்சிலும் வந்துவிட்டது. சரக்குக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வாசகர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "அம்மா, நான் உருகுவே தலைநகர் மொண்டேவீடியோ துறைமுகத்தில் இறங்கியிருக்கிறேன். அங்கே முஜிகா என்று சொன்னால் யாருக்கும் புரியாது. முஹிக்கா." ஸ்பானிய மொழியில் J எழுத்துக்குத் தொண்டையிலிருந்து காற்றோடு வரும் 'ஹ' ஒலி. அதனால்தான் முதல் பெயரும் ஜோஸ் ஆகாமல் ஹொசே ஆகிறது. ஹொசே என்றால் செல்லமாகப் பெப்பே. நாடே அவரை அப்படித்தான் கூப்பிட்டது.

முழுப்பெயர் ஹொசே அல்பெர்ட்டோ முஹிக்கா கொர்தானோ. கடைசிச் சொல்தான் குடும்பப் பெயராக இருக்கும் என்று நினைத்து "அதிபர் கொர்தானோ" என்று எழுதிவிடாதீர்கள். ஸ்பானிய வழக்கத்தில் அப்பா வீட்டுப் பெயர் முன்னால், அம்மா வீட்டுப் பெயர் பின்னால். இவருடைய அப்பா வழியினர் பாஸ்க் பகுதியிலிருந்து வந்தவர்கள். அம்மா வழியினர் இத்தாலியிலிருந்து. அந்த இரண்டு பெயருக்குள் உருகுவேயின் குடியேற்ற வரலாறே அடங்கியிருக்கிறது. ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம்.

அந்த ஊர்ப் பேச்சில் இன்னொரு வேடிக்கை உண்டு. மற்ற ஸ்பானிய நாடுகளில் 'ய' என்று ஒலிப்பதை மொண்டேவீடியோவிலும் புவனஸ் ஐரிஸிலும் 'ஷ' என்பார்கள். 2009 தேர்தலில் முஹிக்காவிடம் தோற்றவர் லகாயே இல்லை, லகாஷே. இவ்வளவு நுணுக்கம் வேண்டுமா என்றால், வேண்டாம்தான். ஆனால் எந்த எழுத்து என்று ஒரு முறை முடிவு செய்துவிட்டால் கடைசிப் பக்கம் வரை அதையே எழுதுங்கள்.

பதவிப் பெயரில்தான் நான் உண்மையிலேயே தடுமாறினேன். "குடியரசுத் தலைவர்" என்று எழுதினால் நம் பிள்ளைகள் ராஷ்டிரபதி பவனை நினைத்துக்கொள்வார்கள். கையெழுத்துப் போடுபவர், விருந்தினரை வரவேற்பவர் என்று. உருகுவேயில் பிரதமர் கிடையாது. அதிபரே அரசாங்கத்தின் தலைவர், அமைச்சர்களை நியமிப்பவரும் அவர்தான். அதனால் "அதிபர்" என்று வைத்துக்கொண்டேன். பதவிக்காலம் 5 வருடம். முடிந்ததும் அடுத்த முறை உடனே நிற்க முடியாது, ஒரு தவணை வெளியே இருக்க வேண்டும். இந்த ஒரு விதியைச் சொல்லாவிட்டால், அவ்வளவு பிரபலமாக இருந்தவர் 2015ல் ஏன் இறங்கினார் என்று வாசகர் குழம்புவார்.

அப்புறம் 'அவன்', 'அவர்' சங்கதி. நம் வாழ்க்கைக் குறிப்புகளில் சிறுவன் படித்தான், விளையாடினான், திருடினான் என்று வந்துகொண்டே இருக்கும். திடீரென்று ஒரு பத்தியில் மரியாதை முளைத்துவிடும். முஹிக்காவுக்கு அதை எந்த வயதில் முளைக்க வைப்பது? தெருத்தெருவாகப் பூ விற்றபோதா, துப்பாக்கி எடுத்தபோதா, பதவி ஏற்றபோதா? எந்த இடத்தில் மாற்றினாலும் அது நாம் வழங்கும் தீர்ப்பாக ஆகிவிடுகிறது. நான் பிறப்பிலிருந்தே 'அவர்' போட்டேன். நீங்கள் வேறு மாதிரியும் செய்யலாம், ஆனால் தெரிந்து செய்யுங்கள்.

இரண்டு பத்திகள்

ஒரு பழைய கணக்கு நோட்டை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் ஆள், வலப்பக்கம் நாடு. எல்லோரும் இடப்பக்கத்தைத்தான் முதலில் நிரப்புவார்கள். வலப்பக்கத்தை முதலில் நிரப்புங்கள் என்பது என் யோசனை. என் நோட்டில் இப்படி இருந்தது:

1950கள்: உருகுவே கம்பளியும் இறைச்சியும் ஏற்றுமதி செய்து வசதியாக வாழ்ந்த நாடு. கொரியப் போர் முடிந்தபின் விலை விழுகிறது. வேலையில்லாமை, விலைவாசி.
1958: 90 வருடத்துக்கு மேல் ஆட்சியில் இருந்த கொலராடோ கட்சி தோற்று, பிளாங்கோ என்கிற தேசியக் கட்சி வெல்கிறது.
1960களின் தொடக்கம்: வடக்கே கரும்புத் தோட்டக் கூலிகளை ராவுல் செந்திக் திரட்டுகிறார். அவர்கள் தலைநகர்வரை நடந்து வருகிறார்கள். துபமாரோ என்ற ஆயுதப் போராட்ட இயக்கம் உருவாகிறது.
1968: அதிபர் பச்சேகோ நெருக்கடிநிலை அதிகாரங்களைக் கையில் எடுக்கிறார்.
1971: இடதுசாரிகள் ஒன்று சேர்ந்து 'அகன்ற முன்னணி' என்ற கூட்டணி.
1973 ஜூன் 27: நாடாளுமன்றம் கலைப்பு, ராணுவ ஆட்சி.
1980: ராணுவம் கொண்டுவந்த அரசியல் சட்டத்தை மக்கள் வாக்கெடுப்பில் நிராகரிக்கிறார்கள்.
1985 மார்ச் 1: மீண்டும் மக்களாட்சி.

இதை எழுதி முடித்துவிட்டு இடப்பக்கத்தில் முஹிக்காவைப் போட்டேன். 1935 மே 20, மொண்டேவீடியோவின் ஓரத்தில் பிறப்பு. அப்பா சிறு விவசாயி, மகன் சிறுவனாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மாவோடு சேர்ந்து பூ வளர்த்து விற்றது. பதின்ம வயதில் சைக்கிள் பந்தயம். முதல் அரசியல் பிளாங்கோ கட்சியில், என்ரிக்கே எர்ரோ என்ற தலைவரிடம். 1960களின் நடுவில் துபமாரோ. கடைசியாகப் பிடிபட்டது 1972.

1972 என்று இடப்பக்கத்தில் எழுதியதும் கை நின்றுவிட்டது. என் முதல் பிரதியில், "ராணுவ சர்வாதிகாரத்தை எதிர்த்துத் துப்பாக்கி ஏந்திய வீரர்" என்று எழுதியிருந்தேன். இணையத்தில் பல இடங்களில் அப்படித்தான் இருக்கிறது. வலப்பக்கம் பாருங்கள்: ராணுவ ஆட்சி வந்தது 1973ல். அதற்கு முந்தைய வருடமே அவர் சிறைக்குள் போய்விட்டார். அவர் துப்பாக்கி எடுத்தது தேர்தலில் வென்று வந்த அரசாங்கங்களுக்கு எதிராக. அந்த அரசாங்கங்கள் அடக்குமுறை செய்தன, மாணவர்களைச் சுட்டன, பத்திரிகைகளை மூடின. அதையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் வருடத்தை முன்பின்னாகப் போட்டு ஒரு மனிதரைச் சுத்தப்படுத்தக் கூடாது. நடுவில் ஒரு கோடு மட்டும் போட்டிருக்காவிட்டால் இந்தத் தப்பு என் பெயரோடு அச்சாகியிருக்கும்.

துப்பாக்கிப் பகுதி

துபமாரோ என்ற பெயர், 1780ல் ஆண்டிஸ் மலைப்பகுதியில் ஸ்பானியருக்கு எதிராகக் கிளர்ந்த இரண்டாம் துபாக் அமாருவிடமிருந்து வந்தது. இதை ஒரு வரியில் முடியுங்கள். நேரம் செலவிட வேண்டியது அவர்களை எந்தச் சொல்லால் அழைப்பது என்பதில். போராளி, கெரில்லா, தீவிரவாதி, பயங்கரவாதி என்று நம்மிடம் ஒரு வரிசையே இருக்கிறது, ஒவ்வொன்றும் ஒரு கட்சி. நான் 'நகர்ப்புற கெரில்லா' என்று எழுதினேன். அவர்கள் காட்டுக்குள் போகாமல் நகரத்துக்குள்ளேயே ஒளிந்து இயங்கியவர்கள், அந்த வேறுபாடு இந்தச் சொல்லில் தெரிகிறது. செயலை அப்படியே சொன்னால் பெயரடைக்கே வேலை இருக்காது என்பதும் என் அனுபவம்.

உதாரணத்துக்கு பாண்டோ. 1969 அக்டோபர் 8. மொண்டேவீடியோவுக்குப் பக்கத்தில் உள்ள சிற்றூர். துபமாரோக்கள் சவ ஊர்வலம் போல வண்டிகளில் வந்து காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், தொலைபேசி நிலையம், வங்கிகளைக் கைப்பற்றினார்கள். தொலைபேசி நிலையத்தைப் பிடித்த குழு முஹிக்காவுடையது. அந்தக் குழுவின் வேலை சிக்கலின்றி முடிந்தது. மொத்தத்தில் அந்த நாள் ரத்தத்தில் முடிந்தது. துபமாரோக்களில் மூன்று பேர் இறந்தார்கள். ஒரு காவலரும், இதில் சம்பந்தமே இல்லாத ஒரு ஊர்க்காரரும் இறந்தார்கள். அந்தக் கடைசி ஆளை விடாமல் எழுதுங்கள்.

1970 மார்ச்சில் ஒரு மதுக்கடையில் காவலர்கள் அவரைச் சுற்றி வளைத்தபோது துப்பாக்கிச் சண்டை. இரண்டு காவலர்களுக்குக் காயம். அவர் உடம்பில் ஆறு குண்டு. மருத்துவமனையில் அன்று பணியில் இருந்த அறுவை மருத்துவர் பிழைக்க வைத்தார்.

இந்தப் பகுதியை எடுத்துவிடலாமே, பிள்ளைகளுக்கு எதற்கு என்று இதழில் கேட்டார்கள். நான் மறுத்தேன். இதை எடுத்துவிட்டால் அடுத்து வரும் சிறை காரணமே இல்லாத கொடுமையாகவும், அதற்கடுத்து வரும் வாக்குப்பெட்டி சும்மா கிடைத்த பரிசாகவும் ஆகிவிடும். கடைசியில் பாதி வெட்டு, பாதி தப்பியது. பாண்டோ தப்பியது.

சிறையை எண்ணிக்கையோடு எழுதுவது

"14 வருடம் சிறை", "13 வருடம்", "12 வருடம் தனிமைச் சிறை" என்று மூன்று கணக்கும் கிடைக்கும். எதையும் நம்ப வேண்டாம், நோட்டை எடுத்துக் கூட்டுங்கள். 1970 மார்ச்சில் பிடிபட்டார். 1971 செப்டம்பர் 6ல் புந்தா கர்ரேத்தாஸ் சிறையிலிருந்து சுரங்கம் தோண்டி 111 கைதிகள் தப்பினார்கள், அவரும் ஒருவர். சுரங்கம் எதிரே இருந்த ஒரு வீட்டின் கூடத்தில் போய்த் திறந்தது. ஒரு மாதத்துக்குள் மாட்டினார். 1972 ஏப்ரலில் மறுபடி சுரங்கம், மறுபடி தப்பினார், அதே வருடம் மறுபடி பிடிபட்டார். அப்புறம் 1985 மார்ச் வரை வெளியே வரவில்லை. ஆக, கடைசித் தொடர்ச்சி பன்னிரண்டரை வருடம் போல; முன்னால் ஒன்றரை வருடம். இரண்டையும் சேர்ப்பவர்கள் 14 என்கிறார்கள், கடைசியை மட்டும் எண்ணுபவர்கள் 12 என்கிறார்கள். இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டால் யாரும் கடிதம் போட மாட்டார்கள்.

அந்தச் சிறை இப்போது வணிக வளாகம். 1994ல் திறந்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் அங்கே செருப்பு வாங்குகிறார்கள். இதை நான் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டேன், பேத்திக்கு மிகவும் பிடித்தது.

1973 செப்டம்பரில் ராணுவம் துபமாரோ தலைவர்கள் ஒன்பது பேரைச் சிறையிலிருந்து எடுத்துப் பிணையாட்களாக வைத்துக்கொண்டது. வெளியே இயக்கம் ஏதாவது செய்தால் இவர்கள் சாவார்கள் என்பது ஏற்பாடு. மூன்று மூன்று பேராகப் பிரித்து, படைமுகாம் மாற்றி முகாம் என்று நாடு முழுக்க இழுத்துக்கொண்டு போனார்கள். முஹிக்காவோடு இருந்த மற்ற இருவர் எழுத்தாளர் மௌரிசியோ ரோசென்கோஃபும் பெர்னாண்டஸ் உயிதோப்ரோவும். ஒரே முகாமில் இருந்தாலும் பேச முடியாது. ரோசென்கோஃபும் உயிதோப்ரோவும் சுவரைத் தட்டித் தட்டி ஒரு மொழியையே உண்டாக்கிப் பேசிக்கொண்டார்கள். ஒன்பது பேரில் அடோல்போ வாசெம் விடுதலையைப் பார்க்கவில்லை. 1984ல் புற்றுநோயில் இறந்தார். பெர்னாண்டஸ் உயிதோப்ரோ பிற்பாடு முஹிக்கா அரசில் பாதுகாப்பு அமைச்சர் ஆனார். தன்னைக் குழிக்குள் வைத்த ராணுவத்துக்கே அமைச்சர்! இப்படி ஒரு தகவல் கிடைத்தால் அதை விளக்காதீர்கள், அப்படியே வைத்துவிட்டு அடுத்த பத்திக்குப் போங்கள்.

சித்திரவதையை எழுதும்போது "சொல்லொணாத் துயரம்", "இருண்ட நரகம்" போன்றவற்றை அடித்துவிட்டுப் பொருள்களை வையுங்கள். நான் மூன்றை வைத்தேன். வருடக்கணக்காகப் படிக்க ஒரு புத்தகம்கூடக் கொடுக்கவில்லை. எறும்பைக் காதருகே வைத்தால் அது கத்துவது கேட்கும் என்று பின்னாளில் அவர் சொல்வார். அவ்வளவு அமைதி, அவ்வளவு நேரம். மூன்றாவது, அம்மா கொண்டுவந்து கொடுத்த சிறுநீர்ச் சட்டி. வெளியே வந்த நாளில் அதில் பூச்செடி வைத்துக் கையோடு எடுத்து வந்தார். பூக்காரி மகன் இல்லையா.

யாரும் எழுதாத 25 வருடம்

சிறையிலிருந்து நேரே அதிபர் மாளிகைக்குத் தாவிவிடுவது இந்த வகைக் குறிப்புகளின் பெரிய வியாதி. 1985க்கும் 2010க்கும் நடுவில் 25 வருடம் இருக்கிறது. அவர் அரசியல்வாதியாக ஆனது அங்கேதான்.

பழைய துபமாரோக்கள் துப்பாக்கியை விட்டுவிட்டு அகன்ற முன்னணிக்குள் சேர்ந்தார்கள். 1989ல் மக்கள் பங்கேற்பு இயக்கம் என்று ஒரு பிரிவைத் தொடங்கினார்கள். 1994 தேர்தலில் முஹிக்கா கீழவை உறுப்பினர் ஆனார், 1999ல் மேலவை. முதல் நாள் நாடாளுமன்றத்துக்கு வெஸ்பா ஸ்கூட்டரில் போனாராம். வண்டியை ரொம்ப நேரம் நிறுத்துவீர்களா என்று வாசலில் கேட்டதற்கு, "யாரும் துரத்தாவிட்டால் ஐந்து வருடம்" என்றாராம். சொல்லிச் சொல்லி வழுவழுப்பாகிப் போன கதை. இப்படிப்பட்டவற்றை விட வேண்டாம். ஆனால் அந்த 'ஆம்' விகுதியை விட்டுவிடாதீர்கள். தமிழில் ஒரே ஒரு விகுதியில் 'இதற்கு நான் பொறுப்பில்லை' என்று சொல்லிவிடலாம். எவ்வளவு வசதி!

2005ல் அகன்ற முன்னணி முதல் முறையாக ஆட்சிக்கு வந்தது. அதிபர், புற்றுநோய் மருத்துவரான தபரே வாஸ்கேஸ். முஹிக்காவுக்குக் கால்நடை, வேளாண்மை, மீன்வளத் துறை. 34 லட்சம் மக்களுக்கு ஒரு கோடிக்கும் மேல் மாடு உள்ள நாட்டில் அது சின்னத் துறை கிடையாது. இறைச்சிக் கம்பெனிகளோடு பேசி மலிவு விலையில் மாட்டு விலா இறைச்சி கிடைக்கச் செய்தார். அதற்கு மக்கள் வைத்த பெயர் 'பெப்பேயின் அசாதோ'. அசாதோ என்பது அவர்கள் ஞாயிற்றுக்கிழமை விறகுத் தணலில் வாட்டும் இறைச்சி. ஓட்டு எங்கிருந்து வந்தது என்று இதைவிடச் சுருக்கமாக யாராலும் விளக்க முடியாது.

அதே 2005ல் லூசியா தொபொலான்ஸ்கியைச் சட்டப்படி மணந்தார். 'மனைவி' என்று ஒரே சொல்லில் கடந்துவிடாதீர்கள். அவரும் துபமாரோ, அவரும் 1972 முதல் 1985 வரை சிறை, அவரும் மேலவை உறுப்பினர். 2010 மார்ச் 1ல் முஹிக்கா பதவியேற்றபோது உறுதிமொழி செய்து வைத்தவரே லூசியாதான். அதிக வாக்கு பெற்ற பட்டியலின் முதல் மேலவை உறுப்பினர் என்ற முறையில் அது அவர் கடமை. 2017ல் துணை அதிபரும் ஆனார்.

ஆட்சி

2009 நவம்பர் 29, இரண்டாம் சுற்றில் 52 சதவீதத்துக்கு மேல் வாங்கி வென்றார். ஆட்சிக்கால அத்தியாயத்துக்கு நான் வைத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: இவர் இல்லாமல் வேறொருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?

கருக்கலைப்புச் சட்டம். முதல் 12 வாரத்துக்குள் அனுமதி என்பது போன்ற மசோதாவை 2008ல் நாடாளுமன்றம் நிறைவேற்ற, அதே கூட்டணியின் அதிபர் வாஸ்கேஸ் தடுத்து நிறுத்தினார். 2012ல் மறுபடி வந்தது, முஹிக்கா கையெழுத்திட்டார். இங்கே ஆள் மாறியதால்தான் சட்டம் வந்தது.

கஞ்சா. 2013 டிசம்பர். விளைவிப்பது முதல் விற்பது வரை அரசே ஒழுங்குபடுத்தும் முதல் நாடு உருகுவே. 18 வயதான உள்நாட்டவர், பதிவு செய்துகொண்டு, மாதம் 40 கிராம். அல்லது வீட்டில் 6 செடி. அல்லது சங்கமாகச் சேர்ந்து வளர்ப்பது. கருத்துக்கணிப்புகளில் பெரும்பான்மை எதிர்ப்பு. கஞ்சா நல்லது என்று அவர் சொல்லவில்லை. கடத்தல்காரரின் கையிலிருந்து சந்தையைப் பிடுங்க வேண்டும் என்றார். மருந்துக்கடை விற்பனை தொடங்கியது 2017 ஜூலையில், அவர் இறங்கி இரண்டு வருடம் கழித்து. "முஹிக்கா கடைகளில் கஞ்சா விற்கச் செய்தார்" என்று மட்டும் எழுதினால் பாதிதான் உண்மை.

ஒருபால் திருமணம், 2013. இது நாடாளுமன்றத்தின் உழைப்பு என்பேன். அவர் குறுக்கே நிற்கவில்லை.

வறுமை 2009ல் சுமார் 21 சதவீதம், 2014ல் 10க்குக் கீழே. இதை முழுக்க அவர் கணக்கில் எழுதிவிட ஆசை வரும். சோயாவும் இறைச்சியும் நல்ல விலைக்குப் போன காலம் அது. வாஸ்கேஸ் போட்ட பாதை இருந்தது. பொருளாதாரத்தைப் பார்த்துக்கொள்ள துணை அதிபர் தனிலோ அஸ்தோரி இருந்தார். பங்கு பிரித்துக் கொடுங்கள்.

தோல்விகளுக்கும் இடம் ஒதுக்குங்கள். பதவியேற்பு உரையில் "கல்வி, கல்வி, கல்வி, மறுபடியும் கல்வி" என்றவர், உயர்நிலைப் பள்ளிகளைச் சீர்திருத்த முடியாமலே இறங்கினார். உள்நாட்டுப் பகுதிகளுக்கென்று ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2012ல் சட்டமானது, அது மிச்சம். நாட்டின் விமான நிறுவனமான புளூனா 2012 ஜூலையில் மூடப்பட்டது. விமானங்களை ஏலம் விட்டதில் பெரிய குளறுபடி, நிதியமைச்சர் பெர்னாண்டோ லொரென்சோ 2013 டிசம்பரில் பதவி விலகினார். 2014 இறுதியில் அமெரிக்காவின் குவாண்டனாமோ சிறையிலிருந்து ஆறு கைதிகளையும், சில சிரிய அகதிக் குடும்பங்களையும் ஏற்றுக்கொண்டார். மனசு பெரிது. ஆனால் அடுத்த வருடமே அந்தக் குடும்பங்கள் இந்த ஊர் விலைவாசியில் வாழ முடியாது, எங்களை வெளியே அனுப்புங்கள் என்று அதிபர் அலுவலகத்துக்கு எதிரே சதுக்கத்தில் உட்கார்ந்தன.

வாய் நீளத்துக்கும் ஒரு வரி. 2013 ஏப்ரலில் ஒலிவாங்கி ஓடுவது தெரியாமல், அர்ஜென்டினா அதிபர் கிறிஸ்டினாவையும் அவருடைய மறைந்த கணவரையும் பற்றி, "இந்தக் கிழவி அந்த ஒற்றைக்கண்ணனைவிட மோசம்" என்று சொல்லிவிட்டார். அப்புறம் மன்னிப்புக் கடிதம். ஞானி என்று மட்டும் படம் வரைந்து வைத்திருப்பவர்களுக்கு இது தொந்தரவாக இருக்கும். அதனால்தான் போடச் சொல்கிறேன்.

இப்போது கார்

மூன்றாம் பக்கத்தின் கடைசிப் பத்தியில் காரைக் கொண்டுவந்தேன். 1987 பீட்டில், வெளிர்நீலம். 2010ல் அவர் காட்டிய சொத்துக் கணக்கு சுமார் 1,800 டாலர், அதாவது அந்தக் காரின் மதிப்பு. சம்பளம் மாதம் சுமார் 12,000 டாலர், அதில் ஏறக்குறைய 90 சதவீதத்தைக் கொடுத்துவிட்டார். ரின்கோன் தெல் செர்ரோவில் உள்ள நிலம் லூசியா பெயரில். தகரக் கூரை வீடு, சாமந்தித் தோட்டம், மானுவெலா என்ற மூன்று கால் நாய். இவ்வளவும் நான்கு வாக்கியத்தில் அடங்கிவிடும், நம்புங்கள்.

'ஏழை ஜனாதிபதி' என்ற பட்டத்தை அவரே ஏற்கவில்லை. நிறைய வேண்டும் என்று நினைப்பவன்தான் ஏழை என்று ரோமானியத் தத்துவவாதி செனகாவைத் துணைக்கு அழைப்பார். அதனால் தலைப்பில் அந்தப் பட்டத்தை வைக்காதீர்கள்.

மேற்கோள்களில் ஜாக்கிரதை. வாட்ஸப்பில் முஹிக்கா படத்தோடு வரும் பொன்மொழிகளில் எது அவருடையது என்று சொல்ல முடியாது. நான் இரண்டு உரைகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்: 2012 ஜூனில் ரியோ சுற்றுச்சூழல் மாநாட்டில் பேசியது, 2013 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் பேசியது. இரண்டும் காணொளியாகக் கிடைக்கின்றன. மொழி புரியாவிட்டாலும் ஒரு முறை ஓடவிட்டுக் கேளுங்கள். எங்கே நிறுத்துகிறார், எங்கே குரல் தாழ்கிறது என்று தெரிந்துகொண்டால் மொழிபெயர்ப்பில் ஆச்சரியக்குறி போட மாட்டீர்கள்.

கடைசிப் பக்கம்

2018ல் மானுவெலா இறந்தது. 2020 அக்டோபரில் கொரோனா காலத்தில் மேலவையிலிருந்து விலகினார். 2024 ஏப்ரலில் உணவுக்குழாயில் புற்றுநோய் என்று அவரே அறிவித்தார். அந்த நவம்பரில் அவருடைய கட்சிக்காரர் ஷமாந்தூ ஓர்சி அதிபர் தேர்தலில் வென்றதைப் பார்த்துவிட்டார். 2025 ஜனவரியில் நோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டது, இனி வைத்தியம் வேண்டாம் என்றார். 2025 மே 13ல் காலமானார், 90 நிறைய ஒரு வாரம் இருந்தது.

என் முதல் பிரதியின் கடைசி வரி "அவர் புகழ் என்றென்றும் வாழும்" என்பது. இரண்டாவதில் அதை அடித்துவிட்டு, தோட்டத்தில் மானுவெலாவைப் புதைத்த மரத்தடியிலேயே அவர் சாம்பலையும் வைத்தார்கள் என்று எழுதினேன். பேத்தி படித்தாள். இந்த முறை, "அந்த ஊர்க்காரர் ஒருத்தர் செத்தாரே பாண்டோவில், அவர் யாரு?" என்று கேட்டாள். நோட்டை மறுபடி திறந்திருக்கிறேன்.